ஒருமுறை மட்டுமே அளக்கப்படும்

தழும்புமானி பனியடிமையின் நாணயத்தைப் போலி என்று சொன்னபோது, அவனுடைய அக்கா எமல்டா அதே கட்டடத்தின் மேல்மாடியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

கீழே கூடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. அதில் புதுமை ஒன்றும் இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று முறை எரியும். வரிசையில் நின்றவர்கள் தங்கள் பைகளை மார்போடு அணைத்துக்கொண்டு விலகினார்கள். காவலர் இருவர் சாளரத்தை நோக்கி நடந்தார்கள். எமல்டா கண்ணாடி வழியாகச் சும்மா எட்டிப் பார்த்தாள். பிடிபட்டவன் சத்தம் போடவில்லை. வெயிலில் கறுத்த அகன்ற தோள்களை ஒடுக்கிக்கொண்டு, சாளரத்துக்குள் கையை நீட்டி எதையோ திரும்பக் கேட்டான். காவலர் அந்தக் கையைப் பின்னால் மடக்கியபோது அவன் முகம் திரும்பியது.

எமல்டா படிகளில் ஓடி இறங்கினாள். அவள் கூடத்துக்கு வந்தபோது வண்டி கிளம்பிவிட்டிருந்தது.

பனியடிமை ஆழ்கடல் விசைப்படகு ஓட்டுபவன். பழைய காசு சேர்ப்பது அவனுக்குச் சின்ன வயதுப் பைத்தியம். அக்கா சான்றகத்தின் தலைமை அறிவியலாளர் என்பதால், அவள் பெயரைச் சொல்லாமல் பொது வரிசையில்தான் நிற்கவேண்டும் என்று பிடிவாதமாக வந்திருக்கிறான். சான்று கிடைத்த பிறகு மாடிக்கு வந்து அவளைத் திகைக்கவைப்பது அவன் எண்ணம். இது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அணுவச்சு என்ற இயந்திரம் பெரும்பாலான வீடுகளுக்கு வந்த பிறகு தங்கத்துக்கு மதிப்பு போய்விட்டது. பொடியையும் வாயுவையும் செலுத்தி அணு அணுவாக அடுக்கினால் எந்த உலோகமும், எந்த நகையும் காலைக்குள் தயார். வைரமும் அப்படித்தான். அச்சடிக்க முடியாத ஒன்றே ஒன்று மிஞ்சியது: வயது. ஆகவே சேமிப்பு என்றால் பழைய நாணயம் என்றாகிவிட்டது. பெண்ணுக்குச் சீதனம், முதுமைக்குக் கையிருப்பு, ஆஸ்பத்திரிக்கு ஈடு எல்லாமே நாணயம்தான். அந்த நாணயம் உண்மையிலேயே பழையதா என்பதை விற்பவன் சொன்னால் வாங்குபவன் நம்பமாட்டான். வாங்குபவன் சொன்னால் விற்பவன் நம்பமாட்டான். இரண்டு பேருக்கும் உறவில்லாத மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டியிருந்தது. அதுதான் சான்றகம்.

சான்றகத்தின் கையில் இருந்தது எமல்டா செய்த கருவி, தழும்புமானி. வானத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் இரவும் பகலும் பூமியின்மேல் பெய்துகொண்டிருக்கின்றன. ஓர் உலோகத்தைத் துளைத்துப் போகும்போது அதனுள்ளே நுண்ணிய தழும்புகளை விட்டுச் செல்கின்றன. உருக்கினால் தழும்பு அழியும். வார்த்த நாளிலிருந்து மறுபடி சேரத் தொடங்கும். தழும்பை எண்ணினால் வயது தெரிந்துவிடும். எண்ணுவதற்கு நாணயத்தின் ஊடே ஒரு கற்றையைச் செலுத்தவேண்டும். அந்தக் கற்றையோ தன் பங்குக்குப் பல நூறு ஆண்டுத் தழும்புகளை ஒரு நொடியில் போட்டுவிட்டுப் போகும். பிறகு அந்த நாணயத்தை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. அதனால் விதி எளிமையாக இருந்தது. ஒரு நாணயம் ஒருமுறைதான் அளக்கப்படும். அசல் என்றால் கண்ணாடிச் சிமிழுக்குள் அடைத்து முத்திரை வைக்கப்படும். போலி என்றால் கொண்டுவந்தவனுக்குப் பத்தாண்டுச் சிறை. மேல்முறையீடு கிடையாது. விதியை எழுதியவள் எமல்டா.

மறுநாள் சிறையில் பார்வையாளர் அறையில் தம்பி அவளைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"அக்கா, நீ வந்துட்டியா. இனி பயமில்ல. உனக்க மெஷினுக்கு என்னமோ கோளாறு. நீ போயி ஒருக்கா பாரு."

"காசு எங்கிருந்து கிடைச்சது?"

"கடல்லேருந்து. குமரிக்குத் தெக்க, நல்ல ஆழத்துல, வலையில ஒரு பானை ஏறி வந்து. உள்ள எல்லாம் உருகுன மாதிரி ஒட்டிக் கெடந்து. ஒண்ணே ஒண்ணுதான் தனியா நின்னு. ஒரு பக்கம் மீனு, மறுபக்கம் பாய்மரம். அப்படி ஒரு காசு எந்தப் புஸ்தகத்துலயும் கெடையாது, அக்கா. நானும் சூசையும் சேந்துதான் பானைய உடச்சோம்."

எமல்டா மேசைமேல் கைகளைக் கோத்துக்கொண்டாள்.

"பனியடிமை, நிதானமா யோசி. கரைக்கு வந்த பிறகு அதை யார்கிட்டயாவது குடுத்தியா? கழுவ, பாலிஷ் போட? எவனாவது அசலை எடுத்துட்டு அச்சடிச்ச ஒண்ணைத் திருப்பிக் குடுத்திருக்கலாம்."

"யாருட்டயும் குடுக்கல்ல. எனக்க மடியிலதான் இருந்து."

"மானி முப்பது வருஷத்துக்குள்ளன்னு சொல்லுது. அது பொய் சொல்லாது."

அவன் உட்கார்ந்துவிட்டான்.

"அப்போ நீ மெஷினத்தான் நம்புத" என்றான்.

அவள் எழுந்து வந்தாள். வழியெல்லாம் தம்பியை ஏமாற்றியவன் யாராக இருக்கும் என்றே யோசித்துக்கொண்டு வந்தாள். தம்பி ஏமாறவில்லை, அவன் சொன்னது அப்படியே உண்மை என்ற எண்ணம் அன்றைக்கு ஒருமுறைகூட அவளுக்கு வரவில்லை.

பிணை மனு விசாரணைக்கு வந்தபோது பனியடிமையின் மனைவி கிளாடிஸ் படகில் போன நான்கு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். முதலில் கூண்டேறியவன் சூசை. இருபது வருடமாகப் பனியடிமையோடு கடலுக்குப் போகிறவன். பானை வந்ததையும் உடைத்ததையும் நாணயத்தைக் கண்டதையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான்.

அரசு வழக்கறிஞர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் கண்ணால பார்த்தீங்க, இல்லையா?" என்றார்.

"ஆமா சார். இந்த ரெண்டு கண்ணால."

"அந்த ரெண்டு கண்ணுக்கும் சான்று வாங்கியிருக்கீங்களா?"

நீதிமன்றம் சிரித்தது. சூசையும் என்ன செய்வதென்று தெரியாமல் கூடச் சேர்ந்து சிரித்தான். மற்ற மூன்று பேர் கூண்டேறவே மறுத்துவிட்டார்கள். மனு தள்ளுபடியானது.

அதன்பிறகு கிளாடிஸ் தினமும் எமல்டாவின் வீட்டு வாசலுக்கு வரத் தொடங்கினாள். திட்டவில்லை. அழவும் இல்லை. "மைனி, அவரு சாப்பிடுதே இல்லியாம்" என்பாள். மறுநாள் வந்து, "மைனி, செவத்தையே பாத்துட்டு இருக்காராம்" என்பாள். எமல்டா வாசலைத் திறப்பதற்கே பயந்தாள்.

இரண்டாவது முறை சிறைக்குப் போனபோது தம்பி எழுந்து நிற்கவில்லை. தாடி வளர்ந்திருந்தது. தோள் எலும்புகள் சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றன.

"அக்கா, நான் யோசிச்சுப் பாத்தேன்" என்றான் மெதுவாக. "நீ சொன்னதுதான் செரி. மெஷினுக்கு என்னட்ட என்ன விரோதம்? அது ஏன் பொய் சொல்லணும்? நான்தான் என்னமோ... அந்தப் பானை வந்துன்னு நான் நினைக்கேன். வந்துதா? கனவாட்டும் இருக்கலாம். கடல்ல பத்து நாளு ஒறக்கம் இல்லாம கெடந்தா இல்லாததெல்லாம் கண்ணுல தெரியும். காச நான் எங்கேயாவது விலைக்கு வாங்கியிருப்பேன். இல்லன்னா நானே அச்சடிச்சேனோ என்னவோ."

"உன்கிட்ட அணுவச்சே கிடையாது, பனியடிமை!"

"அதும் எனக்குச் செரியா ஓர்மையில்ல, அக்கா."

அவன் அதைக் கோபத்தில் சொல்லவில்லை, கேலியாகவும் சொல்லவில்லை. தன் தலைக்குள்ளே இருட்டில் தடவித் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் அகப்படாதவனைப் போலச் சொன்னான். எமல்டா அவன் கையைப் பிடித்தாள். குளிர்ந்திருந்தது. முதல் நாள் அவனை நம்பியிருந்தால் இது நடந்திருக்காது என்பது அந்தக் குளிர்ச்சியில் அவளுக்குப் புரிந்தது.

அன்று மாலையே கடற்கரைக்குப் போனாள். சூசை கரையேற்றிய படகின் நிழலில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான்.

"சூசை, அந்தப் பானை எத்தனை ஆழத்திலேருந்து வந்தது?"

"பானையா? எனக்கு ஒண்ணும் ஓர்மையில்ல, டாக்டரம்மா."

"நீ கோர்ட்டுல சொன்னியே."

"சொன்னேன். எல்லாரும் சிரிச்சாவ. வீட்டுல பெஞ்சாதியும் சிரிக்கா. இனி நான் அதைப் பேசுகதா இல்ல."

அவள் விடவில்லை. பானையை விடு, அந்த முறை எங்கே வலை போட்டீர்கள் என்று மட்டும் சொல் என்றாள். அதைச் சொல்வதில் அவனுக்கு வெட்கமில்லை. குமரிக்குத் தெற்கே இன்ன இடம், நூறு பாகம் ஆழம் என்றான். ஒரு பாகம் என்பது ஆள் கையை விரித்த நீளம். நூறு ஆள் ஆழம்.

எமல்டா நடந்தாள். சிறிது தூரம் போனதும் நின்றாள். அப்படியே மணலில் உட்கார்ந்தாள்.

தழும்பு போடும் துகள்கள் வானத்திலிருந்து வருகின்றன. நூறு ஆள் ஆழத் தண்ணீரைத் தாண்டி அவற்றில் நூறில் ஒன்றுகூடக் கீழே இறங்காது. அந்த நாணயம் வார்த்த சில ஆண்டுகளிலேயே கப்பலோடு மூழ்கியிருந்தால், ஆயிரம் வருடமும் ஒரு தண்ணீர்க் கூரைக்குக் கீழே கிடந்திருக்கிறது. வானம் அதைத் தொடவே இல்லை. கருவிக்கு அது நேற்றுப் பிறந்த காசு. கருவியைப் பழக்கும்போது அவள் வயலில் எடுத்த காசைக் கொடுத்தாள், ஆற்றில் எடுத்ததைக் கொடுத்தாள், கோயில் உண்டியலில் எடுத்ததைக் கொடுத்தாள். ஆழ்கடலிலிருந்து ஒன்றுகூட இல்லை. அப்படி ஒன்று அப்போது யாரிடமும் இருக்கவில்லை.

மறுநாள் சான்றகத் தலைவர் சபாநடேசனின் அறையில் அவள் நின்றுகொண்டே பேசினாள். அவள் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கிடவில்லை.

"நீங்க சொல்றது சரியா இருக்கலாம், எமல்டா. ஆனா இது ஒரு கருத்து. நிரூபிக்க அந்தக் காசை மறுபடி அளக்கணும். அளக்க முடியாதுன்னு எழுதினது நீங்க."

"அளக்க வேண்டாம் சார். உப்பு எவ்வளவு தூரம் உள்ளே இறங்கியிருக்குன்னு பார்த்தா போதும். வேற வழிகள் இருக்கு. காசை என்கிட்ட குடுங்க."

சபாநடேசன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"காசு இல்லையேம்மா."

"வழக்கு நடக்குது. சாட்சிப் பொருள்..."

"மானியோட அறிக்கைதான் சாட்சி. போலின்னு வந்ததை அன்னிக்கு சாயந்திரமே உருக்கிடறோம். வெளியே போனா மறுபடி எவனையாவது ஏமாத்தும்னு நீங்கதானே பயந்தீங்க?"

ஒரு பக்கம் மீன், மறுபக்கம் பாய்மரம். உலகத்தில் ஒன்றே ஒன்று. எமல்டா வெளியே வந்தாள். அந்த வாரம் அவளுக்குத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. தம்பி எழுதிக் கொடுக்கப்போகிறானாம், நானே அச்சடித்தேன் என்று ஒப்புக்கொள்ளப்போகிறானாம் என்று கிளாடிஸ் வந்து சொன்னாள். அதை எழுதிவிட்டால் அவன் அதையே நம்பிவிடுவான் என்று எமல்டாவுக்குத் தெரியும். சிறையிலிருந்து பத்து வருடம் கழித்து வெளியே வருபவன் பனியடிமையாக இருக்கமாட்டான்.

"எழுத வேண்டாம்னு சொல்லு. அக்கா காலைப் பிடிச்சுக் கேட்டாள்னு சொல்லு. கொஞ்ச நாள் போதும்" என்றாள்.

தண்ணீர்க் கூரை வயதை மறைக்குமென்றால் கதிர் வயதை ஏற்றும். அவர்களுடைய கடற்கரை மணலில் கறுப்பு வரிகள் ஓடும்; கதிர் வீசும் மண் அது. அதிலிருந்து பிரித்தெடுத்த சத்து ஆய்வகத்தின் ஈயப் பேழையில் இருந்தது. வானம் ஆயிரம் வருடத்தில் போடும் தழும்பை அது சில வாரங்களில் போட்டுவிடும். எமல்டா வீட்டு அணுவச்சில் ஒரு சோழர் காலக் காசை அச்சடித்தாள். பேழைக்குள் வைத்து மூடினாள். நாள் வந்ததும் எடுத்துக்கொண்டு போய்ப் பொது வரிசையில் நின்றாள்.

சாளரத்தில் இருந்த பெண் அவளை அடையாளம் கண்டு, "மேடம், நீங்க எதுக்கு வரிசையில?" என்று பதறினாள். எமல்டா காசை வைத்தாள். கருவி முனகியது. சிவப்பு எரிந்தால் அவளும் தம்பியின் சிறைக்குப் போவாள். அந்த ஒரு நொடியில் சிவப்பே எரியட்டும் என்று அவள் மனம் ஏங்கியது. சிவப்பு எரிந்தால் கருவி சரி. கருவி சரியென்றால் அவள் வாழ்நாள் வேலை சரி. தம்பி மட்டும்தான் தப்பு.

பச்சை எரிந்தது. தொன்மை, முதல் தரம். பெண் மகிழ்ச்சியோடு சிமிழை நீட்டினாள்.

சபாநடேசனின் மேசையில் அந்தச் சிமிழை வைத்தபோது அவளுக்கு வெற்றி என்று எதுவும் தோன்றவில்லை.

"இது என் வீட்டுல அச்சடிச்சது. எனக்குத் தெரிஞ்ச இந்த வழி வேற எத்தனை பேருக்குத் தெரியுமோ. கரையோரத்துல கறுப்பு மண்ணுக்குப் பஞ்சமில்லை. உங்க பெட்டகத்துல இருக்கற சிமிழ்ல எத்தனை அசல், எத்தனை போலின்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. திரும்ப அளக்கவும் முடியாது. என் தம்பியை விடுங்க. இல்லைன்னா இதை எல்லாருக்கும் சொல்லிடுவேன்."

அவர் சிமிழைத் தொடவில்லை.

"சொல்லுங்க" என்றார். "உங்களைத் தடுக்க என்னால முடியாது. ஆனா சொன்ன மறுநாள் என்ன ஆகும்னு பாத்துட்டுச் சொல்லுங்க. சிமிழை ஈடு வெச்சு ஆஸ்பத்திரியில படுத்திருக்கறவனை எழுப்பி வெளியே அனுப்புவாங்க. சிமிழைச் சீதனமா வெச்சுக் கட்டிக் குடுத்த பொண்ணுங்களைப் பிறந்த வீட்டு வாசல்ல கொண்டுவந்து விடுவாங்க. என் பென்ஷன் போகட்டும், விடுங்க. உங்க ஊர் மீனவர் சங்கம் படகு வாங்கினது எதை நம்பி? சிமிழுக்குள்ள என்ன இருக்குங்கறது இல்ல விஷயம். எல்லாரும் ஒத்துக்கிட்டிருக்காங்க, அதுதான் விஷயம். அதை உடைச்சா மறுபடி ஒட்டவைக்க நம்மகிட்ட ஒண்ணும் இல்ல."

எமல்டா நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் அவளை ஒடித்தது.

"வேற வழி ஒண்ணு இருக்கு" என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "அன்னிக்கு மானியில மின்சாரக் கோளாறு. அறிக்கை தப்பு. காசு அசல். முத்திரை வெச்சு உங்க தம்பிக்கே திருப்பித் தர்றோம். வழக்கு முடிஞ்சுது."

"காசைத்தான் உருக்கிட்டீங்களே."

"அளக்கறதுக்கு முன்னாடி எடுத்த படம் இருக்கு. முன்பக்கமும் பின்பக்கமும்."

அவளுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. அந்தப் படத்தை வைத்து அதே காசை மறுபடி அச்சடிக்கலாம் என்கிறார். அணுவச்சு அந்த அறைக்கு அடுத்த அறையிலேயே இருந்தது.

"கறுப்பு மண் சமாசாரம் நம்ம ரெண்டு பேரோட போகட்டும்" என்றார் சபாநடேசன்.

அவள் கண்ணுக்கு முன்னால் சட்டையைத் தூக்கி நின்ற தோள் எலும்புகள் வந்தன. சரி என்றாள்.

விடுதலை நாளன்று சிறை அலுவலகத்தில் ஒரு நீண்ட மேசை போட்டிருந்தார்கள். சிறை அதிகாரி ஒருவர், சான்றகத்திலிருந்து வந்த ஓர் இளம் அலுவலர், எமல்டா. பனியடிமையை அழைத்து வந்தார்கள். விடுதலை என்று சொல்லியும் அவன் முகத்தில் எதுவும் அசையவில்லை. யாருக்கோ நடப்பதைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கோளாறு எங்க பக்கம்தான், வருந்துகிறோம்" என்றார் இளம் அலுவலர். "உங்க காசு அசல். முதல் தரம். நாட்டுலயே ஒண்ணே ஒண்ணு. நல்லாப் பாத்துட்டு, இது நான் கடலில் எடுத்த அதே நாணயம்னு இந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டா போதும். போடலைன்னா வழக்கு முடியாது."

சிமிழை அவன் முன்னால் நகர்த்தினார். பனியடிமை அதைக் கையில் எடுத்தான். மீன். பாய்மரம். வெளிச்சத்தில் திருப்பினான். பிறகு கண்ணுக்கு அருகே கொண்டுபோய், சிமிழைப் பக்கவாட்டில் பிடித்து மெல்ல உருட்டினான். ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

எமல்டா அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் அவள் பக்கம் குனிந்தான். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "அக்கா, இது அது இல்ல" என்றான்.

"பனியடிமை..."

"ஓரத்துல ஒரு வெட்டு கெடக்கும். பாய்மரத்துக்க கீழ. பானைய உடச்சப்போ சூசைக்க கத்தி பட்டது. நான் அவன ஏசினேன். பெருவெரல வச்சு எத்தன நாளு தடவியிருக்கேன். இதுல ஓரம் வழுவழுன்னு இருக்கு. இது வேற."

படத்தில் முன்பக்கம் இருந்தது. பின்பக்கம் இருந்தது. ஓரத்தை எவரும் படம் எடுக்கவில்லை.

அவள் அவன் கையைப் பற்றினாள். "கையெழுத்துப் போடு, தம்பி" என்றாள். "எதுவும் கேக்காதே. போடு. வீட்டுக்குப் போகலாம்."

பனியடிமை அவள் முகத்தைப் பார்த்தான். எத்தனையோ வாரங்களாக எங்கேயோ போயிருந்த கண்கள் அவள் கண்முன்னாலேயே திரும்பி வந்தன.

"அப்போ வெட்டு இருந்து" என்றான். "கத்தி பட்டது நெசம். பானை வந்தது நெசம். எனக்குக் கிறுக்கில்ல, அக்கா. எனக்குக் கிறுக்கில்ல."

"இல்லை. உனக்கு ஒண்ணும் இல்லை. நீ சொன்னது ஒவ்வொண்ணும் நிஜம். நான்தான் நம்பாம இருந்துட்டேன்."

"எனக்க காசு எங்க?"

அவள் தலையை மட்டும் அசைத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். தண்ணீர் தாடியில் இறங்கியது.

"ஏதாவது சந்தேகமா?" என்று கேட்டார் இளம் அலுவலர்.

பனியடிமை சிமிழை மேசையில் வைத்தான். எதைச் செய்ததாகச் சொல்லி அவனை அடைத்தார்களோ, அதை அவன் இதுவரை செய்திருக்கவில்லை. இனிமேல்தான் செய்யவேண்டியிருந்தது. போலி ஒன்றை அசல் என்று சொல்லி, தெரிந்தே, தன் பெயரை எழுதவேண்டும். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டான்.

"சந்தேகம் ஒண்ணுமில்ல சார்" என்றான்.

சிறைக் கதவுக்கு வெளியே கிளாடிஸும் ஊர்க்காரர்களும் வேனில் வந்து காத்திருந்தார்கள். கிளாடிஸ் ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரோ சிமிழை வாங்கிக் கைப்பேசியை அதன் முத்திரைக்கு நேரே காட்டினார்கள். திரையில் 'அசல்' என்ற பச்சை எழுத்து ஒளிர்ந்தது. கூட்டம் கூச்சலிட்டது. கைப்பேசி கைமாறிக் கைமாறிப் போனது. எல்லாரும் பச்சை எழுத்தைப் பார்த்தார்கள். சிமிழ் யாருடைய கக்கத்திலோ இருந்தது.

கைப்பேசி கடைசியாகச் சூசையிடம் வந்தது. அவன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பனியடிமையின் தோளில் முகத்தைப் புதைத்தான். பெரிய உடம்பு விக்கி விக்கிக் குலுங்கியது.

"மக்கா, நான் உன்ன விட்டுட்டனே" என்றான். "எனக்கே சந்தேகம் வந்துட்டுலே. பானையும் கெடையாது, ஒண்ணும் கெடையாதுன்னு நானே சொல்லிட்டு நடந்தேன். இப்போ பாத்தியா, எழுதியிருக்கான். அப்போ நாம கண்டது நெசம்தான், இல்லியா?"

பனியடிமை நண்பனின் தலைக்கு மேலாக அக்காவைப் பார்த்தான். அவள் வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். முகத்தை வேறு பக்கம் திருப்பவில்லை.

"நெசம்தாம்ல" என்றான் பனியடிமை.